சொட்டாத சின்னக் குழாய்: வாசகர் கேள்வி பதில்

வெயில் ஏற ஆரம்பித்தால் தண்ணீர் கேன், மோர் டிரம், ஜூஸ் கூலர் எல்லாம் கடை வாசலுக்கு வந்துவிடும். அவற்றில் மாட்டியிருக்கும் சின்னக் குழாயைப் பற்றிய கடிதங்களும் கூடவே வரும். இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். 10 முதல் 20 லிட்டர் பிடிக்கும் கூலர்களுக்குப் பொருந்துகிற மாதிரி அடக்கமான ஒரு குழாயைச் சொந்தமாக வடிவமைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? துளை எத்தனை மி.மீ. வைக்கலாம்?
(கோவை வாசகர்)

பதில்: துளையைப் பிறகு பார்க்கலாம், அது கணக்குப் போட்டால் வந்துவிடும். 20 லிட்டர் கூலரில் 200 மி.லி. டம்ளர் 100 பிடிக்கலாம். டம்ளருக்கு 4 நொடி என்று வைத்தாலும் மொத்தம் 400 நொடி, அதாவது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் அந்தக் குழாய் மூடித்தான் இருக்கிறது. ஆனால் வரைபடம் போட உட்கார்ந்தால் தண்ணீர் எப்படி ஓடும் என்றுதான் எல்லோரும் முதலில் வரைகிறார்கள். நீங்கள் மூடிய நிலையை முதலில் வரையுங்கள். மூடியிருக்கும்போது பானம் எந்தெந்தப் பாகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, எங்கே தேங்குகிறது, வாஷரை சீட்டில் (வாஷர் உட்கார்ந்து துளையை அடைக்கும் விளிம்பு) அழுத்திப் பிடிப்பது எது, மூக்கில் (பானம் வெளியே விழும் நுனிப் பகுதி) எவ்வளவு மிச்சம் நிற்கிறது? இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்த மாதிரி.

அழுத்திப் பிடிப்பது எது என்ற கேள்வி ரொம்ப முக்கியம். கோலி சோடா பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள், ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1872-இல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. அதில் உள்ளே அடைபட்ட வாயுவே கோலியை ரப்பர் வளையத்தின் மேல் அழுத்தி அடைத்துக்கொள்கிறது. கூலரில் அந்த வசதி கிடையாது. 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் 15 மி.மீ. விட்டமுள்ள வாஷரின் மேல் விழும் பாரம் சுமார் 50 கிராம்தான். அந்த அளவு பாரம் வாஷரைச் சீட்டில் நெருக்கமாக உட்கார வைக்காது, அதனால் அந்த வேலையை ஸ்பிரிங்தான் செய்தாக வேண்டும். அதற்காகக் கல் மாதிரி ஸ்பிரிங் போடாதீர்கள். 600 கிராம் விசை போதும், லீவரை 3-க்கு 1 என்று வைத்தால் விரலுக்கு 200 கிராம்தான் வரும், குழந்தையும் வயதானவரும் ஒரே விரலால் திறக்கலாம்.

அந்த ஸ்பிரிங்கை எங்கே வைப்பது என்பதில்தான் மலிவான குழாய்கள் கோட்டை விடுகின்றன. பொத்தானை அழுத்தினால் திறக்கும் சாதாரணக் குழாய்கள் பலவற்றில் ஸ்பிரிங் பானத்துக்குள்ளேயே கிடக்கிறது. சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் சர்க்கரையும் பாலும் படியும், கழுவவும் முடியாது. அதைவிட நல்ல வழி, கிண்ண வடிவில் ஒரு சிலிக்கான் (silicone, ரப்பர் மாதிரி வளையும் பொருள்) பாகம் வைப்பது. அதன் மேல் விளிம்பு குழாயின் உடம்புக்கும் மேல்மூடிக்கும் இடையில் இறுகிக்கொள்ளும், அடிப்பகுதி சீட்டில் உட்காரும். லீவரை அழுத்தினால் நடுக்கம்பி அந்த அடிப்பகுதியை மேலே தூக்கும். கம்பி, ஸ்பிரிங், லீவர் எல்லாமே சிலிக்கானுக்கு மேலே, உலர்ந்த பக்கத்தில். பானம் தொடுவது உடம்பையும் சிலிக்கானையும் மட்டும்தான். மேல்மூடியைக் கையாலேயே திருகிக் கழற்றி, சிலிக்கானை எடுத்துக் கழுவி, திரும்பப் போட்டுவிடலாம். ஆபீஸ் காபி டிரம்களில் இந்த ஏற்பாடு பல காலமாக இருக்கிறது, இதைச் சின்னதாக்குவதுதான் உங்கள் வேலை.

இப்போது துளை. நீரின் உயரத்துக்கும் அது வெளியே வரும் வேகத்துக்கும் உள்ள உறவை 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டாரிசெல்லி சொல்லிவிட்டார். உயரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் பாதியாகும். 30 செ.மீ. உயரம் என்றால் நொடிக்கு சுமார் 2.4 மீட்டர். துளையில் நீர்த்தாரை குறுகுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 8 மி.மீ. துளையில் நொடிக்கு சுமார் 70 மி.லி. வரும், 200 மி.லி. டம்ளர் மூன்று நொடிக்குள் நிறையும். கூலர் காலியாகி உயரம் 5 செ.மீ. ஆகும்போது அதே டம்ளருக்கு ஆறேழு நொடி. 6 மி.மீ. என்றால் நிறைந்திருக்கும்போது ஐந்து நொடி, பரவாயில்லை, ஆனால் கடைசியில் பன்னிரண்டு நொடி ஆகும், வரிசையில் நிற்பவர்கள் கேனைச் சாய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். 10 மி.மீ. வைத்தால் முதல் டம்ளர்கள் தெறிக்கும். அதனால் 8 மி.மீ. என்பது என் தேர்வு. அடக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காகத் துளையைச் சிறிதாக்காதீர்கள், லீவரையும் மேல்மூடியையும் குட்டையாக்குங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். குழாயின் உள்வாய் கூலரின் அடியிலிருந்து 2 செ.மீ. மேலே இருந்தால், 30 செ.மீ. விட்டமுள்ள டிரம்மில் 1.4 லிட்டர் வெளியே வராமலேயே நின்றுவிடும். ஏழு டம்ளர் நஷ்டம் என்பதோடு, அந்த மிச்சத்தின் மேலேயேதான் மறுநாள் புதுப் பானத்தை ஊற்றுகிறார்கள். உள்பக்க நட்டை மெல்லியதாகச் செய்து, குழாயை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்குங்கள். மரையைப் பொறுத்தவரை கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் அளவுகளிலேயே இருங்கள், புது அளவு கண்டுபிடித்தால் வாங்கியவர் வாஷருக்கு அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: நன்னாரி சர்பத்தும் எலுமிச்சை ஜூஸும் விற்கிறேன். சில்வர் டிரம்மின் குழாயை மூடிய பிறகும் சொட்டுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. சில நேரம் ஒரு சொட்டும் இல்லாமல் இருந்துவிட்டு, யாராவது மேசையில் இடித்தால் நாலு சொட்டு விழுகிறது.
(மதுரை வாசகர்)

பதில்: உங்களுக்கு இரண்டு வெவ்வேறு தொல்லைகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன், இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் தீரும்.

இடித்தால் விழும் அந்த நாலு சொட்டு கசிவே இல்லை. சீட்டுக்குக் கீழே மூக்கு நீளமாக, ஒல்லியாக இருந்தால், மூடிய பிறகும் அதற்குள் கொஞ்சம் பானம் தொங்கிக்கொண்டு நிற்கும். ஸ்ட்ராவின் மேல் நுனியை விரலால் அடைத்தால் உள்ளே இருப்பது விழாமல் நிற்கிறதே, அதேதான். மேலே காற்று நுழைய வழியில்லை, கீழே பரப்பு இழுவிசை தாங்கிப் பிடிக்கிறது. அசைந்தால் பிடி விட்டுப்போகும். ஒன்று, சீட்டை மூக்கின் வாய்க்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும், அப்போது தொங்குவதற்கு எதுவும் மிஞ்சாது. அல்லது மூக்கைக் கீழே போகப் போக விரியும்படி செய்து, சீட்டுக்குச் சற்றுக் கீழே காற்று நுழைய ஒரு சிறு கீறல் விட வேண்டும், அப்போது மூடிய கணத்திலேயே முழுவதும் வடிந்துவிடும். முன்னது எனக்குப் பிடிக்கும். கீறல் இருந்தால் எறும்பும் வரும். கோவை வாசகரும் இதைக் குறித்துக்கொள்ளட்டும், சர்க்கரைப் பானத்தில் மூக்கில் காய்ந்து நிற்கும் அந்த மிச்சத்தில்தான் ஈ வந்து மொய்க்கிறது.

நிற்காமல் சொட்டுவது வேறு. மூக்கைத் துணியால் நன்றாகத் துடைத்து, கீழே ஒரு டிஷ்யூ காகிதம் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். நனைந்துகொண்டே இருந்தால் சீட்டில் கசிவு. இறுக்கினால் நிற்காது, இன்னும் கெடும், வாஷரில் சீட்டின் தடம் ஆழமாகப் பதிந்து அப்படியே தங்கிவிடும். கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். எலுமிச்சைச் சக்கை ஒரு நார் சிக்கியிருக்கும், இல்லையென்றால் சர்பத் காய்ந்து சீட்டில் பொருக்காகப் பிடித்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் வாஷரை மாற்றுங்கள், சில ரூபாய் விஷயம். உப்புத் தண்ணீர்ப் பகுதி என்றால் வெள்ளையாகப் படிந்திருக்கும், அதை வினிகரில் ஊறவைத்தால் போய்விடும்.

கேள்வி: பிளாஸ்டிக் கேனில் அடியில் குழாய் மாட்டி வைத்திருக்கிறோம். திறந்ததும் வேகமாக வந்து, அரை டம்ளர்கூட நிறையாமல் நின்றுவிடுகிறது. அப்புறம் குபுக் குபுக் என்று விட்டு விட்டு வருகிறது. குழாய் அடைத்துவிட்டதா?
(திருச்சி வாசகி)

பதில்: இல்லை, கேனின் மூடி இறுக்கமாக இருக்கிறது. வெளியே போகும் தண்ணீரின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வரவில்லையென்றால் மேலே இருக்கும் காற்று விரிந்து அதன் அழுத்தம் குறையும், குறைந்த அழுத்தம் தண்ணீரை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கெட்டியான கேனில் மேலே 2 லிட்டர் காற்றும், குழாய்க்கு மேல் 30 செ.மீ. தண்ணீரும் இருந்தால், 60 மி.லி. வெளியே வந்ததுமே ஓட்டம் நின்றுவிடும். உங்கள் கேனின் சுவர் கொஞ்சம் வளைந்துகொடுப்பதால் அதைவிடக் கூடுதலாக வருகிறது. பிறகு குழாய் வழியாகவே காற்றுக் குமிழி ஏறி உள்ளே போகிறது, அதுதான் அந்தச் சத்தம்.

மூடியை அரைத் திருகு தளர்த்துங்கள், உடனே சரியாகிவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் மூடியில் ஒரு துளை போட்டு, பூச்சி போகாதபடி நுண்ணிய வலை ஒட்டுங்கள். துளையின் அளவை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழாயில் நொடிக்கு 70 மி.லி. ஓடுகிறது என்றால், 3 மி.மீ. காற்றுத் துளையில் இழப்பு 2 செ.மீ. நீர் உயரத்துக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. 2 மி.மீ. என்றால் அதே ஓட்டத்துக்கு 9 செ.மீ. உயரம் பறிபோகும். வலை ஒட்டினால் அதுவும் கொஞ்சம் தடுக்கும், ஆகவே 4 மி.மீ. போட்டுவிடுங்கள்.

காற்றே தேவைப்படாத ஒரு வழியும் இருக்கிறது. பெட்டிக்குள் பை வைத்து, பையின் வாயில் குழாய் பொருத்துவது. அமெரிக்காவில் வில்லியம் ஷோல் 1955-இல் இதை பேட்டரி அமிலம் கொண்டுபோவதற்காக உருவாக்கினார். 1965-இல் ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் ஒயினுக்குக் காப்புரிமை வாங்கியபோது அதில் குழாயே கிடையாது, பையின் மூலையை வெட்டி ஊற்றிவிட்டு ஒரு கிளிப்பால் அடைக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் குழாயைப் பையோடு ஒட்டியது 1967-இல் சார்லஸ் மல்பாஸும் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனமும். பானம் குறையக் குறைய பை சுருங்கிக்கொள்கிறது, உள்ளே காற்றுப் படாததால் திறந்த பிறகும் வாரக்கணக்கில் கெடாது. ஆனால் பை ஒருமுறைதான் பயன்படும், வீட்டுக் கேனுக்கு அது தேவையில்லை.

கேள்வி: செம்பு டிஸ்பென்சர் வாங்கியிருக்கிறோம், பித்தளைக் குழாயோடு. விசேஷத்துக்கு அதில் பானகமும் மோரும் வைக்கலாமா? பார்க்க அழகாக இருக்கும்.
(கும்பகோணம் வாசகி)

பதில்: வைக்காதீர்கள். பானகத்தில் எலுமிச்சையோ புளியோ இருக்கும், மோர் எப்படியும் புளிக்கும். புளிப்புப் பட்டால் செம்பு கரைந்து பானத்தில் கலக்கும், வயிற்றைப் புரட்டும். அந்தக் காலத்துப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய பிறகுதான் ரசம் வைத்தார்கள், ஆனால் அந்தப் பூச்சு குழாயின் உள்துளைக்குள் ஒழுங்காகப் போகாது. பித்தளையில் இன்னொரு கவலையும் உண்டு. லேத்தில் சுலபமாகக் கடைவதற்காகக் கொஞ்சம் காரீயம் (lead, உடம்புக்கு நஞ்சு) சேர்ப்பது வழக்கம். அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர்க் குழாய்களில் தண்ணீர் படும் பரப்பில் காரீயம் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். நம் கடைகளில் பளபளவென்று முலாம் பூசி விற்கும் குழாய்க்கு வெளியே மட்டும்தான் பளபளப்பு, உள்ளே பானம் படுவது அதே பித்தளை. செம்பில் வெறும் தண்ணீர் மட்டும் வையுங்கள், காலையில் முதலில் வரும் அரை டம்ளரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள், ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் நின்ற தண்ணீர் அது. பானகத்துக்கு 304 தர எவர்சில்வர் டிரம்மும் அதே எஃகில் செய்த குழாயும் போதும்.

கேள்வி: கம்பெனிகளுக்கு டீ சப்ளை செய்கிறேன். ஃப்ளாஸ்க் டிரம்மின் பிளாஸ்டிக் குழாய் ராத்திரி ஆறிய பிறகு ஒழுகுகிறது, சூடாக இருக்கும்போது ஒழுகுவதில்லை. ஏன்?
(ஈரோடு வாசகர்)

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், காரணமும் அதிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் சூட்டில் எஃகைவிடப் பல மடங்கு விரிகிறது. சூட்டில் நட்டு விரிந்து நெருக்கிக்கொள்ளும்போது வாஷர் நசுங்கும், ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கிவிடும், நசுங்கிய வாஷர் திரும்ப எழாது. தினமும் இப்படி நடந்தால் இடைவெளி விழத்தான் செய்யும். மெல்லிய ரப்பர் வாஷரை எடுத்துவிட்டு 3 மி.மீ. தடிமனுள்ள சிலிக்கான் வாஷரைப் போடுங்கள், அது சூடு தாங்கும், ஆறினாலும் எழுந்து கொடுக்கும். குழாயின் உடம்பு பாலிப்ரொப்பிலீனில் இருக்கட்டும். சாதாரண பி.வி.சி. குழாயை டீ டிரம்மில் மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள், 80 டிகிரியிலேயே அது இளகத் தொடங்கும்.

டீக்குழாயில் பூட்டு இல்லாமல் இருக்கக்கூடாது என்று நான் அழுத்தமாகச் சொல்வேன். 60 டிகிரி சூடே சில நொடிகளில் தோலைப் பொசுக்கும், டீ அதைவிடச் சூடு. மேசை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் லீவரில் ஒரு குழந்தையின் கை பட்டால் போதும். முதலில் ஒரு தாழை நகர்த்தி, அதன் பிறகுதான் லீவரை அழுத்த முடியும் என்று இரண்டு அசைவு வையுங்கள். கையை எடுத்தால் தானாக மூடவும் வேண்டும்.

கேள்வி: பள்ளியில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் கூலர்களை வாரம் ஒருமுறை கழுவுகிறோம். குழாய்களை எப்படிக் கழுவுவது? தண்ணீர் விட்டு அலசினால் போதாதா?
(நாகப்பட்டினம் ஆசிரியை)

பதில்: போதாது டீச்சர். தண்ணீர் தேங்கும் இடத்தில் கிருமிகள் வழவழவென்று ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும், ஓடும் தண்ணீர் அதை அசைக்காது, தேய்த்தால்தான் போகும். விரலை மூக்குக்குள் விட்டுப் பாருங்கள், வழுக்கினால் அதுதான். குழாயை முழுக்கக் கழற்றி, பாட்டில் பிரஷ்ஷாலும் சோப்புத் தண்ணீராலும் தேய்த்து அலசுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 சதவீத பிளீச் திரவம் 2 மி.லி. கலந்து (வாசனை, நிறம் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள்) பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி அலசிக் காயவிடுங்கள். பிளீச்சோடு வினிகரோ வேறு அமிலமோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். கோடையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்யுங்கள்.

கழற்ற முடியாதபடி ஒட்டிவைத்த குழாய் என்றால் அதைப் பள்ளிக்கு வாங்காதீர்கள். பிள்ளைகள் வாயை வைத்துக் குடிப்பதும், தண்ணீர் பாட்டிலின் வாயை மூக்கில் இடித்துப் பிடிப்பதும் நடக்கும், அதனால் மூக்கு நுனியை மட்டும் தினமும் துடைத்துவிடுவது நல்லது. மூக்கைச் சுற்றிச் சற்றுக் கீழே இறங்கும் ஒரு வளையம் வைத்த குழாய்களும் இருக்கின்றன, பாட்டில் அந்த வளையத்தில்தான் இடிக்கும், தண்ணீர் வரும் நுனியில் படாது.

கேள்வி: கம்மங்கூழ், சப்ஜா விதை போட்ட சர்பத் இரண்டுக்கும் ஒரே குழாய் போடலாமா?
(சேலம் வாசகர்)

பதில்: முடியாது. சப்ஜா 8 மி.மீ. துளையில் தாராளமாகப் போகும், ஆனால் மூடும்போது ஒரு விதை சீட்டில் மாட்டினால் சொட்டும். சீட்டின் விளிம்பு அகலமாக, தட்டையாக இல்லாமல் ஒல்லியாக இருந்தால் விதை நழுவிவிடும். கூழுக்கு முதல் பதிலில் சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது, அது தண்ணீர் மாதிரி ஓடுவதே இல்லை. 20 மி.மீ.க்குக் குறையாத, உள்ளே திருப்பமே இல்லாத பந்து வால்வு (ball valve, துளையுள்ள ஒரு பந்து திரும்பித் திறக்கும் வகை) போடுங்கள், ராத்திரி மறக்காமல் கழுவுங்கள்.

கேள்வி: நான் புதிதாக ஒரு குழாய் வடிவம் யோசித்து வைத்திருக்கிறேன். காப்புரிமை வாங்குவதா, டிசைன் பதிவு செய்வதா?
(ஓசூர் வாசகர்)

பதில்: வேலை செய்யும் விதம் புதிது என்றால் காப்புரிமை, 20 ஆண்டுகள். தோற்றம் மட்டும் புதிது என்றால் 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி பதிவு, 10 ஆண்டுகள், மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். டிசைன் பதிவு உள்ளே இருக்கும் ஏற்பாட்டைக் காப்பாற்றாது, வெளியே கொஞ்சம் மாற்றிவிட்டு அதே ஏற்பாட்டை இன்னொருவர் செய்தால் உங்களால் தடுக்க முடியாது. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் பழைய காப்புரிமைகளை இலவசமாகத் தேடலாம், முதலில் அதைச் செய்யுங்கள். காலாவதியான காப்புரிமைகளில் நல்ல நல்ல குழாய்கள் படத்தோடு கிடக்கின்றன, அவற்றைப் பார்த்து யார் வேண்டுமானாலும் செய்யலாம். உங்கள் குழாயைக் கண்காட்சியில் வைப்பதற்கும், வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதற்கும் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். ஊருக்குக் காட்டிய பிறகு போனால் புதிது என்ற தகுதியே போய்விடலாம்.